துரை பங்களாவில் ஒரு விருது விழா: வீட்டு எழுத்தாளருக்கு மலையகத்தில் விழா எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தியின் சிறுகதைத் தொகுப்புக்கு விருது என்று தொலைபேசியில் செய்தி வந்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "கொழும்புக்கு எத்தனை பேர் போகலாம்?" என்பதுதான். அழைப்பிதழில் இரண்டு இருக்கை. எங்கள் சொந்தக்காரர் மட்டும் அறுபது பேர் தேறுவார்கள். விருது மேடைகள் பெரும்பாலும் தலைநகரில்தான் போடப்படுகின்றன. அட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ ஒரு குடும்பமே கிளம்பிப் போய் இரவு தங்கித் திரும்புவது சம்பளக்காரர்களுக்குக் கட்டாது. சரி, விருதை அங்கே வாங்கட்டும், கொண்டாட்டத்தை இங்கே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. இடம் என்று வந்தபோது, மேட்டில் இருக்கிற பழைய துரை பங்களா ஒன்றை, அதாவது தேயிலைத் தோட்ட நிர்வாகி குடியிருந்த வீட்டை, யாரோ சொன்னார்கள்.

அந்த ஒரு நாளை நடத்தி முடித்ததில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வீடுகளில் கவனிக்காமல் விட்டால் வீடே பிரதம விருந்தினர் ஆகிவிடும். வருகிறவர்கள் புகைபோக்கியையும் புல்வெளியையும் படம் எடுத்துவிட்டுப் போவார்கள், புத்தகம் மூலையில் கிடக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை.

எந்த வீடு?

மலைநாட்டில் பழைய வீடுகள் பல வகை. ஹோட்டலாகிவிட்டவை ஒரு வகை. நுவரெலியா கிராண்ட் ஹோட்டல், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்காகக் கட்டிய பார்ன்ஸ் ஹோல் வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். இங்கே மண்டபம், ஆட்கள், கதிரை எல்லாம் தயாராக இருக்கும், செலவும் அதற்கேற்ப இருக்கும். உடை விதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்பது பழைய வழக்கம். வேட்டியில் வரும் மாமாவை வாசலில் நிறுத்தி வைத்து விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

பார்க்கலாம், ஆனால் விருந்து வைக்க முடியாது என்ற வீடுகளும் உண்டு. அப்புத்தளைக்கு மேலே இருக்கும் அடிஷம் பங்களா 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது. இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம். படம் எடுக்க அழகான இடம்தான். ஆனால் பாட்டும் பேச்சுமாக ஒரு மத்தியானம் கழிக்க அதைக் கேட்பது முறையில்லை.

நமக்குத் தோதானவை, தங்குமிடமாக மாறியிருக்கும் தோட்ட பங்களாக்கள். நாங்கள் எடுத்ததும் அப்படி ஒன்றைத்தான்.

இன்னமும் தோட்டத்துரை குடியிருக்கும் பங்களாவைக் கேட்பதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. ஆகவே துரை தலையை ஆட்டினால் மட்டும் போதாது, கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்தும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி அழைப்பிதழ் அடிக்காதீர்கள். துரைமாருக்கு இடமாற்றம் வரும்.

ஒரு அண்ணன் கேட்டார்: "பழைய வீடு என்றால் பங்களாதானா? லயம் என்ன புதுசா?" நியாயமான கேள்வி, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களும் பழையவைதானே. கம்பளை பழைய பீக்கொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு எழுத்தாளர் எழுதியது லயத்தைப் பற்றி என்றால், இருபது பேர் கூடும் சின்ன வாசிப்பைப் பிறந்த லயத்தின் இஸ்தோப்பிலேயே, அதாவது முன்திண்ணையிலேயே, வைக்கலாம். எண்பது பேருக்கு இடம் போதாது என்பதால்தான் நாங்கள் மேட்டுக்குப் போனோம்.

எந்த நாள்?

மழையைப் பாருங்கள், அப்புறம் நாட்காட்டியைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் விழுகிறது. அதே நாட்களில் ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஓரளவு காய்ந்திருக்கும். டிசம்பரில் வடகீழ் மழை வந்தால் கதை தலைகீழ். அரச இலக்கிய விருது விழா இலக்கிய மாதமான செப்டெம்பரை ஒட்டி நடப்பது வழக்கம் என்பதால், விருது வந்த கையோடு விழா எடுப்பவர்களுக்கு ஊவாப் பக்கம் வசதி. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலைப் பார்த்து ஏமாறக்கூடாது, பிற்பகலில் இடியோடு கொட்டும்.

மண்சரிவை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. உங்கள் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே வான்காரரிடம் மாற்றுப் பாதை இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு மேல் போனால் விழாவைத் தள்ளிப்போடுங்கள். முற்பணம் கட்டும்போதே "வானிலையால் தள்ளிவைத்தால் காசு அடுத்த திகதிக்கு மாறும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், அறை வாடகையைக் கேட்டாலே குளிர் காய்ச்சல் வரும். எங்கள் பக்கத் தோட்டங்களில் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் வரும், அதற்கு அடுத்த ஞாயிறு எல்லோர் கையிலும் பஸ் காசு இருக்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வர வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்கச் சொல்லி விருந்துக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

காசுக் கணக்கு

ஆள் ஒன்றுக்கு 5,000 ரூபா என்று சொன்னால் அது 5,000 ரூபாவில் நிற்காது. 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தால் 5,500. அதன்மேல் 18 சதவீத வற் வரி ஏறினால் 6,490. எண்பது பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசமே ஒரு இலட்சத்து பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபா. ஆகவே "எல்லாம் சேர்த்து முடிவான தொகை என்ன?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா என்பது அடுத்த கேள்வி. நாங்கள் பகல் சாப்பாட்டை மட்டும் பங்களா ஆட்களிடம் விட்டோம். காலைச் சிற்றுண்டி எங்கள் வீட்டுப் பெண்கள் கையால். சமையலறையைப் பயன்படுத்த ஒரு சின்னக் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம்.

வீட்டைச் சோதித்துப் பாருங்கள்

ஒரு வாரம் முன்னதாக, விழா நடக்கப்போகும் அதே மணிக்கு வீட்டைப் போய்ப் பாருங்கள். பத்து மணிக்கு வெளிச்சமாக இருக்கும் மண்டபம், மூன்று மணிக்குப் பனி இறங்கியதும் இருட்டிவிடும். வயதான ஒருவர் மேடையில் நின்று வாசிக்க வெளிச்சம் போதுமா?

மின்சாரத்தில்தான் நாங்கள் மாட்டினோம். பழைய பங்களாக்களில் 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்குகள் இன்னும் இருக்கின்றன. 2,000 வோட் கேத்தல் ஒன்று 230 வோல்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். வாழ்த்துரை நடந்துகொண்டிருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் மண்டபத்து மூலையில் கேத்தலைச் செருக, ஒலிபெருக்கி, விளக்கு, எல்லாம் ஒரே டப்பில் போனது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை, ஒலிபெருக்கி இல்லாமலே இன்னும் பதினைந்து நிமிடம் பேசினார். அது வேறு கதை. மெயின் சுவிட்ச் எங்கே என்று வாசல் காவல்காரருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கேத்தலுக்குச் சமையலறையைத் தாண்டி அனுமதி இல்லை என்று ஒரு ஆளைக் காவலுக்குப் போடுங்கள்.

பெரும்பாலும் தகரக் கூரைதான். மழை பிடித்தால் பேச்சு காதில் விழாது. நிகழ்ச்சியில் பாட்டையும் தப்பு மேளத்தையும் கடைசியில் வைத்துக்கொண்டால், மழை வந்ததும் அதை முன்னால் இழுத்துவிடலாம். வெளியே புல்வெளியில் ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும்.

பலகைத் தரையில் குத்துவிளக்கை நேரடியாக வைக்காதீர்கள். பெரிய பித்தளைத் தட்டில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள், எண்ணெய் வழிந்தால் தரை கெடாது, திரி விழுந்தாலும் பயமில்லை. சுவரில் ஆணியும் ஒட்டுநாடாவும் வேண்டாம். பதாகையைக் கட்ட மூங்கில் சட்டம் போதும். கணப்பு மூட்டச் சொன்னால் புகைபோக்கி துப்புரவாக இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவறைக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களை மனதில் வைத்து எண்ணுங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

பட்டியலை எழுத்தாளரிடமே கேளுங்கள். சித்தி கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அவருக்கு 'அ' எழுதப் பழக்கிய தோட்டப் பள்ளி வாத்தியாருடையது. வாத்தியார் இல்லை, அவர் மகள் வந்தார். அப்புறம், கையெழுத்துப் பிரதியைக் கணினியில் அடித்துக் கொடுத்த தங்கச்சி, புத்தகத்தைக் கடன் சொல்லி விற்ற டவுன் கடைக்காரர், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பழைய ஆயா. அமைச்சர், தலைவர் என்று யார் பெயரும் இல்லை. குடும்பத்தில் சிலருக்கு மனக்குறைதான். அவர்கள் வந்தால் முன்வரிசைக் கதிரை, மாலை, நேரம் மூன்றும் போகும் என்று சித்தி சொன்னதை நான் மறுக்கவில்லை.

அழைப்பிதழில் பங்களாவின் ஆங்கிலப் பெயரோடு, தோட்டத்தை நம்மவர்கள் அழைக்கும் பெயரையும் போடுங்கள். பாதிப் பேருக்கு அந்தப் பெயர் சொன்னால்தான் வழி தெரியும். எந்தச் சந்தியில் இறங்க வேண்டும், அங்கிருந்து மேட்டுக்கு வான் எத்தனை மணிக்கு என்பதையும் அச்சடியுங்கள். மேட்டுப் பாதையில் நடக்க முடியாதவர்கள்தான் முதலில் வரவேண்டியவர்கள்.

முன்வாசல்

இதை ஒரு படியாக எந்த விழாக் குறிப்பிலும் எழுதமாட்டார்கள். எனக்கோ இதுதான் முக்கியம்.

எங்கள் அம்மாயிக்கு, அதாவது சித்தியின் அம்மாவுக்கு, எண்பத்துநான்கு வயது. சித்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரையின் பிள்ளையை அம்மாயி இடுப்பில் வைத்திருந்த நேரத்தில் சித்தி பிள்ளைக்காம்பராவில் கிடந்தார். நாங்கள் விழாவுக்கு எடுத்தது அதே பங்களா. வாடகை பேசும்போது இது எனக்கு ஒரு சுவையான செய்தியாக மட்டும்தான் பட்டது.

அன்று காலை வான் வந்து நின்றது. அம்மாயி இறங்கினார், சேலையைச் சரிசெய்தார், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. கால் தானாகப் போகிறது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அம்மாயி, இந்தப் பக்கம்" என்றேன். முன்படிக்கட்டைப் பார்த்தார். "என்னய்யா, இந்த வழியாவா போறது?" என்று கேட்டார். குரலில் பயமில்லை, வழி தவறிவிடக்கூடாதே என்ற கவனம்தான். முதல் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சித்தி உள்ளேயிருந்து வந்து அந்தச் செருப்பை வாங்கிக் கீழே போட்டு, திரும்பவும் காலில் மாட்டிவிட்டார். ஒன்றும் பேசவில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

ஆகவே இதை ஏற்பாடாகவே செய்யுங்கள். வான்கள் முன்வாசலில்தான் நிற்க வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொல்லுங்கள். வரவேற்புக்குப் பன்னீரும் சந்தனமும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் கடைசிப் படியில் வேண்டாம், முதல் படிக்கும் கீழே நிற்கட்டும். வயதானவர்களைக் கைபிடித்து ஏற்ற இரண்டு பொடியன்கள். முன்வரிசையில் சோபா இருந்தால் அதில் யார் உட்கார வேண்டும் என்று பெயர் எழுதி வையுங்கள், எழுதாவிட்டால் சேர்ட் மடிப்புக் கலையாத ஆட்கள் வந்து நிரப்பிவிடுவார்கள். நம் பெரியவர்கள் கதவோரம் நிற்பதையே மரியாதை என்று பழகியவர்கள். "வாங்க, உட்காருங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதாது, கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும்.

பங்களா ஊழியர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அவர்களில் பாதிப் பேர் கீழ் லயத்துப் பிள்ளைகள்தான். வாசிப்பு நடக்கும் அரைமணி நேரம் அவர்களும் உள்ளே நிற்க முடியுமா என்று மேலாளரைக் கேட்டோம். சரி என்றார்.

நிகழ்ச்சி நிரல்

பத்தரைக்குத் தொடங்கினால் ஒன்றரைக்கு முடிக்கலாம். அழைப்பிதழில் பத்து மணி என்று போடுங்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். விளக்கேற்றல், வரவேற்பு இரண்டும் சேர்ந்து பதினைந்து நிமிடம். வாழ்த்துரைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஏழு நிமிடம். நேரம் பார்க்க, யார் எவர் என்று தயங்காத ஒரு பிள்ளையை முன்னால் மணியோடு உட்கார வையுங்கள். பெரியவர்கள் பெரியவர்களுக்கு மணி அடிக்கமாட்டார்கள்.

அரைமணி நேரம் முழுதாக வாசிப்புக்குக் கொடுங்கள். எழுத்தாளர் ஒரு பகுதி, மற்றதைக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். மேடைக்காக இலக்கியத் தமிழாக்காமல், கதையில் இருக்கிற தோட்டத்துப் பேச்சை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் விழாவில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக் காட்சி ஒன்றைப் பேத்தி வாசித்தாள். கங்காணி பேர் கூப்பிடும் இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, தன் பேர் வந்த மாதிரி, "ஆ!" என்று குரல் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. நல்ல கதைக்கு அதைவிட என்ன விமர்சனம் வேண்டும் என்று சித்தி பிறகு கேட்டார்.

பொன்னாடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குடும்பத்தின் சார்பில் ஒன்று, ஊரின் சார்பில் ஒன்று. மற்றவர்கள் அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கட்டும். இருபது பொன்னாடைகள் அலுமாரியில் கிடந்து என்ன செய்யும்? ஒன்றைத் திருப்பி எழுத்தாளர் கையால் தாய்க்குப் போர்த்தச் சொன்னோம். ஏற்புரையை அதற்கு முன்னால் வைத்துவிட்டது நல்லதாகப் போயிற்று, அதன்பிறகு சித்தியால் பேச முடிந்திருக்காது.

புத்தக மேசை வாசலருகே இருக்கட்டும். சில்லறை வைத்திருங்கள். விருது கேடயத்தையும் சான்றிதழையும் அதே மேசையில் வைத்தால் பார்க்க வருகிறவர் ஒரு பிரதியாவது புரட்டுவார்.

தேநீரும் ரொட்டியும்

மலையகத்தில் விழா எடுத்துவிட்டு மோசமான தேநீர் கொடுத்தால் ஊர் மன்னிக்காது. எண்பது பேருக்கு, கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 12 லீற்றர் தண்ணீர். கோப்பைக்கு 2 கிராம் என்று 160 கிராம் தேயிலை. எங்கள் ஆட்களுக்குச் சாயம் திடமாக இருக்க வேண்டும் என்பதால் 200 கிராம் போட்டோம். ஒரே அண்டாவில் ஊறப்போட்டால் கடைசிக் கோப்பை கசக்கும். இரண்டு தவணையாக, நான்கைந்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தூளை வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்லதெல்லாம் கப்பலேறிப் போக, நாம் தூசியைக் குடித்த காலம் போதும்.

தேங்காய் ரொட்டிக்கு ஒரு கிலோ கோதுமை மாவு, ஒரு தேங்காய், சின்னதாகத் தட்டினால் பதினைந்து வரும். ஆளுக்கு இரண்டு வைத்துக் கணக்குப் போடுங்கள். கட்டச்சம்பல் முதல் நாளே இடித்துவிடலாம். ரோல்ஸ், பெட்டிஸ் வேண்டும் என்கிறவர்களுக்குக் கொஞ்சம் வைத்திருந்தோம், மிஞ்சியது அதுதான்.

பரிமாறும்போது ஒரு மாற்றம் செய்தோம். அம்மாயிக்கு முதல் கோப்பை. கொண்டுவந்தது துரைமார் குடித்த பீங்கான் கோப்பை, சோசருடன். அவர் கோப்பையை வாங்கி, சோசரில் ஊற்றி, ஊதிக் குடித்தார்.

கிளம்பும் முன்

மூன்றரைக்குள் முதல் வான் கிளம்பட்டும். பனி இறங்கியபிறகு மேட்டுப் பாதை வளைவுகளில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. கோப்பை, கரண்டி எண்ணி ஒப்படையுங்கள், உடைந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் தனித்தனி உறையில் அன்பளிப்பு கொடுங்கள், பில்லில் இருக்கும் சேவைக் கட்டணம் அவர்கள் கைக்குப் போகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

பங்களா மண்டபத்தில் ஒரு புத்தக அலுமாரி இருக்கும். வேட்டை, தோட்டக்கலை, யாரோ விட்டுப்போன ஆங்கில நாவல்கள். மேலாளரிடம் கேட்டு, எழுத்தாளர் கையெழுத்திட்ட ஒரு பிரதியை அந்த வரிசையில் வையுங்கள். உள்ளட்டையில் திகதியும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாக வருகைப் பதிவேடு. எல்லோரும் எழுதட்டும், தமிழில் எழுதட்டும். அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், முதியோர் வகுப்பில் பழகியது. ஒவ்வொரு எழுத்தாக எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும், வானை நிறுத்தி வையுங்கள். பேனா நீங்களே கொண்டுபோங்கள். அங்கே பதிவேட்டோடு கட்டி வைத்திருந்த பேனா எழுதவில்லை.